கூடாரவல்லியன்று புஜ்ஜி தின்ற கிஸ்மிஸ்

ஸ்ரீரங்கத்தில் மார்கழி 27-ம் நாள் விடியும்போதே தெருவெல்லாம் நெய் வாசனைதான். கூடாரவல்லி. ஆண்டாளுக்காக வீட்டுக்கு வீடு அக்காரவடிசில் ஏறும் நாள். அடையவளஞ்சான் வீதியில் இருக்கும் அந்தச் சின்ன வீட்டிலும் நாலரை மணிக்கே வெண்கலப் பானை அடுப்பில் ஏறிவிட்டது. பாலில் அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, வெல்லப்பாகு சேர்ந்து, நெய்யும் விட்டாயிற்று. முந்திரியையும் கிஸ்மிஸையும் வறுத்துக் கொட்ட வேண்டியதுதான் பாக்கி. அதைச் சேவித்துவிட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று மாமி கோயிலுக்குக் கிளம்பினார். காந்தி மார்க்கெட்டில் வாங்கிய கிஸ்மிஸ் பாக்கெட் பிரித்தபடியே முக்காலி மேல் இருந்தது.

வீட்டுக்காரர் பொன்மலை ரயில்வே பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் பெங்களூருவில். வீட்டில் மூன்றாவது ஜீவன் புஜ்ஜி. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழைநாளில் திண்ணையில் வந்து ஒதுங்கிய நாட்டு நாய்க்குட்டி, பிறகு போகவேயில்லை. இப்போது 12 கிலோ. மாமி ஆரம்பத்தில் 'நடைக்கு மேல ஏறக் கூடாது' என்று சட்டம் போட்டார். அந்தச் சட்டம் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை.

எட்டரை மணிக்கு மாமி திரும்பி வந்தபோது பாக்கெட் தரையில் கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை. நூறு கிராமுக்குக் குறையாது. புஜ்ஜி முற்றத்து வெயிலில் படுத்து, வாயை நக்கிக்கொண்டிருந்தது.

மாமிக்குக் கோபம்கூட வரவில்லை. ஒன்பது மணிக்கு மகள் வீடியோ காலில் வந்தபோது அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "இந்த வருஷம் கிஸ்மிஸ் இல்லாத அக்காரவடிசில்தான். உன் தம்பி மொத்தத்தையும் காலி பண்ணிட்டான்."

மகள் சிரிக்கவில்லை. "எவ்ளோ நேரம் ஆச்சும்மா? அப்பாகிட்ட போனைக் குடு."

அவளுடைய அடுக்குமாடியில் ஒரு பீகிள் நாய், கிறிஸ்துமஸ் பிளம் கேக்கைத் தின்று மூன்றாம் நாள் சிறுநீர் நின்று இறந்துபோயிருந்தது. கேக்கில் இருந்தது உலர் திராட்சை.

"நாய்க்குத் திராட்சை விஷம்ப்பா. உடனே டாக்டர்கிட்ட கூட்டிண்டு போங்கோ. வாந்தி வரட்டும்னு வெயிட் பண்ணாதீங்கோ."

அவருக்கு அது காதில் விழுந்தது, மனதில் ஏறவில்லை. விஷமா? காலையில் அவரே சாப்பிடுவதாயிற்றே. இரவில் பத்து கருப்பு உலர் திராட்சையைத் தண்ணீரில் போட்டு, காலையில் அந்தத் தண்ணீரோடு சாப்பிட்டால் ரத்தம் ஊறும், மலச்சிக்கல் போகும் என்று எங்கோ படித்ததிலிருந்து அதுதான் வழக்கம். (நம் வாரப் பத்திரிகைகளின் மருத்துவக் குறிப்புகளுக்கு இதில் பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.) ஆறு மணிக்கு அவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் புஜ்ஜி எதிரே வந்து உட்காரும். அவர் தன் பங்கிலிருந்து இரண்டை எடுத்து அதற்குக் கொடுப்பார். எட்டு மாதமாக நடக்கிறது. மாமிக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "கிஸ்மிஸ் தின்னு நாய் சாகுமா மாமா? பெருமாள் பிரசாதத்துல எவ்ளோ தின்னுருக்கும் இந்தத் தெரு நாயெல்லாம்!" அதோடு விடாமல் ஒரு கைவைத்தியமும் சொன்னார். நிறைய உப்பைக் கரைத்து வாயில் ஊற்றினால் எல்லாம் வெளியே வந்துவிடுமாம். மாமி உப்பு ஜாடியை எடுக்கவே போய்விட்டார். போனில் இருந்த மகள்தான் கத்தித் தடுத்தாள். அது நல்லதாகப் போயிற்று. உப்பு அளவு மீறினால் ரத்தத்தில் சோடியம் ஏறி, நாய்க்கு வலிப்பு வந்து, அதுவே உயிரைக் குடித்துவிடும்.

ராஜகோபுரத்தைத் தாண்டி, மாம்பழச்சாலை வழியாகக் காவிரிப் பாலம் ஏறியபோது ஆட்டோ நத்தையாக ஊர்ந்தது. எதிரே கோயிலுக்கு வரும் கூட்டம். புஜ்ஜி அவர் மடியில் உட்கார்ந்து, காற்றுக்கு மூக்கை நீட்டி, சுற்றுலா வந்ததுபோல வேடிக்கை பார்த்தது. "பார்த்தா ஒண்ணுமில்லாத மாதிரிதானே இருக்கு" என்று அவர் இரண்டு முறை சொன்னார். மாமி பதில் சொல்லவில்லை.

தில்லைநகர்ப் பக்கம் இருந்த கால்நடை மருத்துவர் கேட்ட முதல் கேள்வியும் மகள் கேட்டதுதான். எவ்வளவு நேரம் ஆச்சு? தின்று இரண்டு மணி நேரத்துக்குள் வந்தால் வயிற்றில் இருப்பதில் பெரும்பகுதியை வெளியே கொண்டுவந்துவிடலாம். இவர்கள் போனபோது அந்தக் கெடு தாண்டியிருக்கலாம். ஆனாலும் உலர் திராட்சை வயிற்றில் ஊறி உப்பிச் சற்று நேரம் தங்கும் என்பதால் ஊசி போட்டார். பத்து நிமிடத்தில் புஜ்ஜி வாந்தி எடுத்தது. பாதி உப்பிய கிஸ்மிஸ் கை நிறைய வந்து விழுந்தது. மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னும் உள்ளே எவ்வளவு போயிருக்குன்னு தெரியாது. ரெண்டு நாள் டிரிப்ஸ் ஏத்தணும். தினமும் கிரியேட்டினின் பார்க்கணும். இதுக்கு முன்னாடி திராட்சை கொடுத்திருக்கீங்களா சார்?"

அவர் தரையைப் பார்த்தார். மாமி அவரைப் பார்த்தார்.

"தினம் ரெண்டு" என்றார் மெதுவாக.

மருத்துவர் திட்டவில்லை. இப்படிச் சொல்பவர்கள் வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்களாம். எல்லோரும் சொல்லும் அடுத்த வரியும் ஒன்றுதானாம்: "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே டாக்டர்!"

அந்த வரியில்தான் ஆபத்து இருக்கிறது. ஒரு நாய் ஒரு கொத்துத் திராட்சையைத் தின்றுவிட்டு வாலாட்டிக்கொண்டு திரியும். இன்னொன்று ஒரு கைப்பிடிக்கே விழுந்துவிடும். இதனாலேயே பல வருடங்கள் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அமெரிக்காவில் ஏ.எஸ்.பி.சி.ஏ. என்ற விலங்கு நல அமைப்பு நடத்தும் நஞ்சுக் கட்டுப்பாட்டு மையத்துக்கு வரும் அழைப்புகளில் திராட்சை, உலர் திராட்சை, சிறுநீரகச் செயலிழப்பு மூன்றும் சேர்ந்து வருவதைக் கவனித்து, 2001-ல் அந்நாட்டுக் கால்நடை மருத்துவச் சங்க இதழில் எச்சரித்தார்கள். ஆனால் திராட்சையில் இருக்கும் எந்தப் பொருள் விஷம் என்பது அதற்குப் பிறகும் இருபது வருடம் பிடிபடவில்லை. பூச்சிமருந்தா, பூஞ்சையா என்றெல்லாம் தேடினார்கள்.

விடை வந்த வழி வேடிக்கையானது. குழந்தைகள் விளையாட வீட்டிலேயே பிசைந்த மாவை ஒரு நாய் தின்று, திராட்சை தின்ற நாயைப் போலவே சிறுநீரகம் கெட்டுப்போனது. அந்த மாவில் திராட்சையே கிடையாது. ஆனால் கேக் செய்பவர்கள் பயன்படுத்தும் 'க்ரீம் ஆஃப் டார்டார்' என்ற வெள்ளைத் தூள் இருந்தது. அது டார்டாரிக் அமிலத்தின் உப்பு. திராட்சையின் புளிப்பும் பெரும்பாலும் அதே அமிலம்தான். 2021-ல் அந்த மையத்தின் நிபுணர்கள் இந்த முடிச்சை அவிழ்த்து எழுதினார்கள். மனித உடல் இந்த அமிலத்தைச் சிரமமில்லாமல் வெளியேற்றிவிடுகிறது. நாயின் சிறுநீரகத்தில் அது தேங்கி நுண்குழாய்களைச் சிதைக்கிறது என்பது அவர்கள் தரும் விளக்கம். ரகத்துக்கு ரகம், பழுத்த பதத்துக்குத் தக்கபடி அமிலத்தின் அளவு மாறும். நேற்று தின்ற இரண்டு சும்மா போனதும், நாளை தின்பது பழிவாங்குவதும் அதனால்தான். இவ்வளவு கொடுத்தால் பரவாயில்லை என்று எந்த மருத்துவரும் அளவு சொல்லமாட்டார். போதாக்குறைக்கு, ஒரு கிலோ உலர் திராட்சைக்கு ஏறக்குறைய நாலு கிலோ பழம் வேண்டும். தண்ணீர் போய்விடும், அமிலம் அப்படியே தங்கிவிடும்.

மருத்துவர் இதைச் சொல்லி முடித்ததும் மாமி கேட்ட கேள்வி அவரையே நிமிர வைத்தது.

"டார்டாரிக் அமிலம்னா... புளியில இருக்கறதுதானே?"

மாமி அந்தக் காலத்து பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி.

அதேதான். புளியைத் தின்று சிறுநீரகம் பாதித்த நாய்களைப் பற்றி 2022-ல் வந்த ஆய்வுக் கட்டுரையே இருக்கிறது. வெள்ளைக்காரர்களுக்குப் புளி அபூர்வம். நமக்கு அப்படியா? புளிக்காய்ச்சல், வத்தக்குழம்பு, சாத்தமுது என்று தளிகையே புளியில்தான் நிற்கிறது. கோயிலில் வாங்கிய புளியோதரையில் மிச்சமானதை நாய்க்கு வைப்பது ஸ்ரீரங்கத்தில் எத்தனை வீட்டில் நடக்கிறது! "புளி சேர்த்த எதுவும் வேண்டாம்மா. வெறும் சாதம், கொஞ்சம் மோர், வேகவைத்த காய் போதும்" என்றார் மருத்துவர். மாமி தலையாட்டினார். அதுவரை ராத்திரிச் சாப்பாடாக வாரத்தில் நாலு நாள் புஜ்ஜிக்குச் சாத்தமுது சாதம்தான் போட்டுவந்தார் என்பதை வீட்டுக்காரர் அங்கே சொல்லவில்லை. அவருக்கு அன்று அந்தத் தைரியம் இல்லை.

முதல் நாள் ரத்தத்தில் கிரியேட்டினின் 1.1. சரியான அளவு. அன்றிரவு புஜ்ஜி இன்னொரு முறை தானாகவே வாந்தி எடுத்தது. மறுநாள் காலை தலை தூக்கவில்லை. மோர் சாதத்தை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கிரியேட்டினின் 1.9. டிரிப்ஸ் ஏறும்போதே எண் கூடுகிறதென்றால் சிறுநீரகம் அடி வாங்கியிருக்கிறது. "இது எங்கே போய் நிக்கும்னு இன்னிக்கு சொல்ல முடியாது. எழுபத்திரண்டு மணி நேரம் தாண்டணும். சிறுநீர் போகுதான்னு மட்டும் பார்த்துக்கிட்டே இருங்க."

அன்று வீட்டில் யாரும் யாரையும் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. பாக்கெட்டைத் திறந்து வைத்தது மாமி. ருசி காட்டியது மாமா. இரண்டு பேரும் அதை மனதுக்குள்ளேயே திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டு, கூடத்தில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நாள் செய்த அக்காரவடிசில் பானையோடு அப்படியே இருந்தது. பெருமாளுக்குக் கண்டருளப் பண்ணியதோடு சரி. சாயங்காலம் மாமி அதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

ராத்திரி ஒன்பது மணிக்கு வாசல் முருங்கை மரத்தடியில் புஜ்ஜி தள்ளாடிப் போய் நின்று சிறுநீர் கழித்தது. மாமா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே பார்த்து, "போயிடுத்து, போயிடுத்து!" என்று கூவினார். தெருவில் போனவர்கள் ஏதோ ஆகிவிட்டதென்று நின்றுவிட்டார்கள்.

போகியன்று மாலை 1.6. அடுத்த வாரம் 1.2.

மருத்துவர் மாமியிடம் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தது இப்போது ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. திராட்சை எந்த வடிவத்திலும் கூடாது. சர்க்கரைப் பொங்கல், கேசரி, பாயசம், லட்டு, பிளம் கேக், இனிப்பு மிக்ஸர் என்று அது ஒளிந்திருக்கும் இடங்கள் நிறைய. மற்ற உலர் பழங்களில் விதையெடுத்த பேரீச்சை ஒரு துண்டு, சர்க்கரை சேர்க்காத வாழைப்பழ வற்றல், விதை நீக்கிய உலர் ஆப்பிள் எப்போதாவது கொடுக்கலாம், விஷமில்லை. ஆனால் எல்லாமே சர்க்கரை மூட்டை. ஒரு நாளைய சாப்பாட்டின் சக்தியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தின்பண்டம் போகக் கூடாது. 12 கிலோ நாய்க்கு அது மிகச் சின்ன அளவு. கடையில் விற்கும் பாகில் ஊறிய பழத்துண்டுகள் வேண்டவே வேண்டாம். 'சுகர்ஃப்ரீ' என்று போட்ட சூயிங்கம், பிஸ்கட்டில் சைலிட்டால் இருந்தால் அது திராட்சையைவிட வேகமாகக் கொல்லும். அரை மணியில் ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும். கொடுக்க ஆசையாக இருந்தால் கேரட், வெள்ளரி, பூசணி, வேகவைத்த சர்க்கரைவள்ளி.

மறுநாள் பொங்கல். மாமி சர்க்கரைப் பொங்கலில் கிஸ்மிஸ் போடவில்லை. கேட்டவர்களிடம் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னார். கூட்டுக்கு வாங்கிய சர்க்கரைவள்ளியில் ஒன்றை உப்பு போடாமல் தனியாக வேகவைத்து, ஆறவைத்து, உதிர்த்து வைத்தார். புஜ்ஜி மெதுவாகத்தான் வந்தது. பாதி தின்றது. மூன்று நாளில் அதுதான் அது முதலில் தின்ற சாப்பாடு.

மாமாவின் உலர் திராட்சை டப்பா இப்போது பரணில், பித்தளைத் தூக்குக்குள் இருக்கிறது. ஊறவைத்த கிண்ணத்தை மூடிபோட்டு ஃப்ரிட்ஜில் வைக்கிறார். சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிவிட்டுத்தான் கூடத்துக்கு வருகிறார். ஆறு மணிக்கு நாற்காலி எதிரே புஜ்ஜி உட்கார்ந்திருக்கும். அவர் ஒரு கேரட் துண்டை நீட்டுவார். முகர்ந்து பார்த்துவிட்டு, வாங்காமல், அவருடைய இன்னொரு கையையே பார்த்துக்கொண்டிருக்கும்.