முதலில் கசிவு, பிறகுதான் எண்

தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் காக்கும் சிபேப் கருவியோடு தூங்கி எழுபவர்கள் காலையில் திரையில் தேடுவது ஏ.எச்.ஐ. என்ற ஒரே எண்ணைத்தான். மணிக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது, எத்தனை முறை குறைந்தது என்று அது சொல்லும். ஐந்துக்குக் கீழே இருந்துவிட்டால் நிம்மதி. இப்படிப்பட்ட இரவுப் பதிவுகளைப் படிப்பதுதான் என் வேலை. நான் அந்த எண்ணுக்குக் கடைசியில்தான் போவேன். முதலில் பார்ப்பது கசிவை. மாஸ்க் ஓரமாகக் காற்று ஓடிக்கொண்டிருந்த இரவில் கருவி தரும் எந்தக் கணக்கையும் அப்படியே ஏற்க முடியாது.

1981இல் சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் சிபேப் சிகிச்சையை 'லான்செட்' இதழில் விவரித்தபோது, அதன் அடிப்படை மிக எளிமையாக இருந்தது. மூக்கின் வழியே விடாமல் அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தினால், தூக்கத்தில் தளர்ந்து மூடிக்கொள்ளும் தொண்டை திறந்தே இருக்கும். இன்றைய கருவிகள் அதற்கு மேல் ஒவ்வொரு மூச்சையும் அளக்கின்றன. பத்து விநாடி காற்றோட்டம் நின்றால் ஒரு தடை என்று குறித்துக்கொள்கின்றன. தானாக அழுத்தத்தை மாற்றும் வகை என்றால் 4 முதல் 20 சென்டிமீட்டர் நீரழுத்தத்துக்குள் ஏற்றி இறக்குகின்றன. இவை எல்லாமே குழாயில் ஓடும் காற்றை வைத்துப் போடும் கணக்கு. கன்னத்தோரம் காற்று பீறிட்டுக்கொண்டிருந்தால், எது மூச்சு, எது கசிவு என்று பிரிப்பது கருவிக்குச் சிரமம். அந்த நேரத்துத் தடைகள் பதிவாகாமலே போய்விடலாம். எண் அழகாக இருக்கும், தூக்கம் கெட்டிருக்கும்.

"மெஷின்ல தினமும் சிரிச்ச முகம்தான் சார் வருது. ஆனா இவர் மத்தியானம் பேப்பரைப் பிரிச்சதுமே தூங்கிடுறார்" என்று ஒருவரின் மனைவி சொன்னார். அந்தச் சிரித்த முகம் முழு இரவின் சுருக்கம். கசிவை 95 சதவீத மதிப்பாகச் சொல்வதும் அப்படித்தான். இரவின் 95 சதவீத நேரம் கசிவு அந்த அளவுக்குள் இருந்தது என்று அதற்குப் பொருள். எட்டு மணி நேரத் தூக்கத்தில் மீதி ஐந்து சதவீதம் என்றால் 24 நிமிடம். கனவுத் தூக்கம் விடியற்காலையில்தான் நீளும். அப்போது தசைகள் மிகவும் தளர்ந்திருக்கும், தொண்டையும் எளிதில் மூடிக்கொள்ளும். கெட்ட 24 நிமிடம் அங்கே போய் உட்கார்ந்திருந்தால் சுருக்கம் அதைக் காட்டாது. கருவியின் எஸ்டி கார்டை எடுத்து, 'ஆஸ்கர்' என்ற இலவச மென்பொருளில் போட்டு, இரவு முழுவதையும் விரித்துப் பார்க்க வேண்டும்.

கசிவு எல்லாமே குற்றமில்லை. நாம் வெளிவிடும் கரியமில வாயு போவதற்காக ஒவ்வொரு மாஸ்க்கிலும் துளைகள் உண்டு. அழுத்தம் கூடக் கூட அவற்றின் வழியே போகும் காற்றும் கூடும். ரெஸ்மெட் கருவிகள் அந்தப் பங்கைக் கழித்துவிட்டு மீதியைக் காட்டுகின்றன. அதில் நிமிடத்துக்கு 24 லிட்டர்தான் எல்லைக்கோடு. மாஸ்க் வகையைக் கருவியில் தவறாகக் கொடுத்திருந்தால் இந்தக் கழித்தலே பிசகும். பிலிப்ஸ் கருவிகள் மொத்தக் கசிவைப் பதிகின்றன. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு நம் எண்ணை ஒப்பிடுவதில் பயனில்லை.

எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்தது, கோட்டின் வடிவத்தைப் படிப்பது. கசிவு திடீரென எழும்பி, ஒரே மட்டத்தில் நின்று, திடீரென இறங்கினால், அவர் ஒருக்களித்துப் படுத்தபோது தலையணை மாஸ்க்கை நகர்த்தியிருக்கும். அழுத்தக் கோடு ஏறும்போதெல்லாம் கசிவும் ஏறினால் குஷன் தேய்ந்திருக்கும், அல்லது அளவு பொருந்தவில்லை. மூக்கு மாஸ்க் போட்டவருக்கு ரம்பப் பல்லைப்போலக் குட்டிக்குட்டியாக ஏறி இறங்கினால் வாய் திறக்கிறதோ என்று சந்தேகப்படுவேன். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் சந்தேகம் தீரும். மூச்சை உள்ளிழுக்கும் மேடு முழுதாக இருக்கும். வெளிவிடும் பள்ளம் மட்டும் பாதியில் நிற்கும், மீதி வாய் வழியே போய்விடுவதால். காலையில் நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டுகிறதா என்று கேட்டால் பெரும்பாலும் ஆமாம் என்பார்கள். வாயை மூடிவைக்கத் தாடைப்பட்டை வாங்கும் முன் மூக்கடைப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மூக்கு அடைத்தவர் வாயைத் திறந்துதான் ஆக வேண்டும்.

கசிவு என்று தெரிந்ததும் எல்லோரும் மாஸ்க் பட்டையை இறுக்குகிறார்கள். பல நேரங்களில் தளர்த்துவதுதான் மருந்து. குஷனின் மெல்லிய உள்சவ்வு காற்றால் உப்பி முகத்தோடு படிய வேண்டும். இறுக்கினால் அது நசுங்கி மடிந்து வழிவிடுகிறது. மூக்குத்தண்டில் சிவந்த தழும்பும் கண்ணில் எரிச்சலும் சேர்ந்து வந்தால், இறுக்கமும் கசிவும் ஒன்றாக இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளலாம். மாஸ்க்கை உட்கார்ந்தபடி பொருத்துவதிலும் அர்த்தமில்லை. படுத்து, கருவியை ஓடவிட்டு, வழக்கமாக வரும் அழுத்தத்தில், ஒருக்களித்தும் பார்த்துப் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். நம் ஊரில் இரவில் தலைக்கு எண்ணெய் வைத்துப் படுப்பவர்களும் முகத்துக்கு க்ரீம் பூசுபவர்களும் நிறைய. சிலிக்கோன் குஷன் அதில் வழுக்கிக்கொண்டு போகும். குஷனைத் தினமும் மிதமான சோப்பு நீரில் கழுவினால் பாதிப் பிரச்சினை தீரும்.

கசிவு அடங்கிய இரவுகள் சில சேர்ந்த பிறகு ஏ.எச்.ஐ.யைப் பார்ப்பேன், அதையும் உடைத்து. எட்டு மணி நேரத்தில் 16 தடைகள் என்றால் சராசரி 2. அந்தப் பதினாறும் ஒரே மணிநேரத்தில் வந்திருந்தால் அது நல்ல இரவு இல்லை. இன்னொன்று, கருவி வகுப்பது ஓடிய நேரத்தால், தூங்கிய நேரத்தால் இல்லை. ஆறு மணி நேரம் மாஸ்க் போட்டு, அதில் இரண்டு மணி நேரம் விழித்துக் கிடந்தவருக்கு 20 தடைகள் வந்தால் திரை 3.3 என்று காட்டும். உண்மையில் அது 5.

தொண்டை திறந்திருந்தும் மூச்சு நின்ற தடைகளைக் கருவி தனியாகக் குறிக்கும். அவற்றைப் பார்த்துப் பயந்து, தாங்களே அழுத்தத்தை மாற்றிவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறும். சிகிச்சையின் தொடக்கத்தில் சிலருக்கு இவை வந்து, வாரங்கள் போகத் தணிந்துவிடும். கசிவால் அரைகுறையாக விழித்து, புரண்டு, பெருமூச்சு விட்டு, மூச்சைப் பிடிக்கும்போதும் இதே குறிதான் விழும். அதனால் இவற்றுக்கு முந்தைய நிமிடங்களில் கசிவு எப்படி இருந்தது என்று ஒவ்வொன்றாகப் போய்ப் பார்ப்பேன். கசிவே இல்லாத இடங்களில் இவை கொத்தாக வந்து, பல இரவுகள் தொடர்ந்தால், பதிவை அச்செடுத்து மருத்துவருக்கு அனுப்பிவிடுவேன். அழுத்தத்தை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.