வாசிச்சுக் காட்டச் சொல்லோணும்

நவம்பர் 14, 2023. செவ்வாய்

கடை திறந்து கொஞ்ச நேரம்தான். போன். பொலிஸிலயிருந்து. "ஒரு சின்ன விசாரணை தம்பி, வந்திட்டுப் போம்." என்ன விசாரணை சேர்? "வாரும், சொல்லுறம்." வைச்சிட்டார்.

பிறகு ஒரு வேலையும் ஓடேல்லை. திருத்த வந்த போனொண்டின்ர டிஸ்பிளே கழட்டக் குந்தினன், கை நிக்குதில்லை. வயிறு கலக்குது. மத்தியானம் சாப்பிடேல்லை.

போன மாதம் வாங்கின அந்தக் கறுப்புப் போன். அதாத்தான் இருக்கும். புத்தகத்தில எல்லாம் எழுதி வைச்சிருக்கிறன். விலை, ஐஎம்இஐ இலக்கம், கொண்டுவந்தவரின்ர அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. பிறகேன் இந்த நடுக்கம்.

அம்மாக்குச் சொல்லேல்லை. இண்டைக்குத்தான் சஷ்டி விரதம் துவங்கினவ.

நவம்பர் 15, புதன்

அக்கா முகத்தைப் பார்த்தே பிடிச்சிட்டா. அக்காவிட்டயிருந்து அம்மாக்கு. அம்மா கதைக்கேல்லை. சாமியறைக்குள்ள போனவ, வெளியில வர நெடுநேரம்.

வந்து கேட்டா: "விசாரிச்சிட்டு விடுறமெண்டு சொன்னவையோ?"

ஓம்.

"சின்னவனையும் அப்பிடிச் சொல்லித்தானடா கொண்டு போனவங்கள்."

சின்னமாமா. 1996. நான் அப்ப பிறக்கேல்லை. சுவரில இருக்கிற படம் மட்டும்தான் தெரியும். அந்த வருசம் நாவற்குழியில ஆமி பிடிச்சுக்கொண்டுபோன பெடியளில சிலருக்கு 2017 இலதான் யாழ் மேல் நீதிமன்றத்தில ஆட்கொணர்வு மனுப் போட்டவை. இருபத்தொரு வருசம் கழிச்சு. எங்கட வீட்டில அதுவும் இல்லை. ஆரிட்டப் போய்க் கேக்கிறதெண்டே தெரியாதாம்.

எனக்கு எரிச்சல். இது ஒரு போன் விசயம். அதுக்குள்ள 96 ஏன் வருது. சத்தம் போட்டன். பிறகு படுத்துக்கொண்டு யோசிச்சால் அம்மா சொன்னதில என்ன பிழை எண்டும் இருக்கு.

நவம்பர் 16, வியாழன்

சட்டத்தரணியிட்டப் போனன். அக்காவோட படிச்சவ. மேல்மாடியில ஒரு சின்ன அறை, நிலமெல்லாம் கோப்புகள், யன்னலால மழைச்சாரல். மறக்க முதல் எழுதுறன்.

போனில கூப்பிட்டதைக் கட்டளை எண்டு எடுக்கத் தேவையில்லையாம். விசாரணைக்கு வரச் சொல்லுறதெண்டால் எழுத்தில தரோணும். 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டம். "வரமாட்டன் எண்டு ஒருக்காலும் சொல்லாதேங்கோ. எழுத்தில தாங்கோ, வாறன் எண்டு சொல்லுங்கோ. மரியாதையாச் சொல்லுங்கோ."

போனால் உண்மையைத்தான் சொல்லோணும். ஆனால் என்னையே குற்றத்தில மாட்டுற கேள்விக்கு வாய் திறக்கத் தேவையில்லை. பொய் சொல்லக்கூடாது, சும்மா இருக்கலாம். "அதுக்கு நான் பதில் சொல்ல விரும்பேல்லை." இதைத் திருப்பித் திருப்பிச் சொல்லிப் பழகச் சொன்னா. அவவுக்கு முன்னாலயே சொன்னன். தொண்டைக்குள்ளயே நிக்குது.

பிடிச்சு வைச்சால் ஏன் பிடிச்சதெண்டு சொல்லோணும், அரசியலமைப்பு உறுப்புரை 13. 24 மணித்தியாலத்துக்குள்ள நீதவானுக்கு முன்னால கொண்டு போகோணும். அடிக்கேலாது, உறுப்புரை 11. அதுக்கு விலக்கே கிடையாதாம், யுத்த காலத்திலயும் இல்லையாம். 1994 இல வந்த சித்திரவதைக்கு எதிரான சட்டத்தில குறைஞ்சது ஏழு வருச மறியல். குறைஞ்சது ஏழு. எனக்கு இது தெரியவே தெரியாது.

எழுதினதை எனக்கு வாசிச்சுக் காட்டோணும். விளங்குற மொழியில. வடக்குக் கிழக்கில நிர்வாக மொழி தமிழ், உறுப்புரை 22 இல இருக்கு. "சிங்களத்தில எழுதிப்போட்டு வை எண்டால் வைக்காதேங்கோ. வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ. பிழையெண்டால் திருத்தச் சொல்லுங்கோ. அதுக்குப் பிறகுதான் கையெழுத்து."

சிங்கராசா வழக்கு சொன்னா. மட்டக்களப்பு ஆள், 1993 இல பிடிச்சவை. அவருக்கு வாசிக்கத் தெரியாத சிங்களத்தில குற்ற ஒப்புதல், கீழ அவற்ர பெருவிரல் அடையாளம். 1995 இல 50 வருசத் தண்டனை. மேன்முறையீட்டில 35 ஆக்கினவை. நீதியான விளக்கம் நடக்கேல்லை எண்டு ஐநா மனித உரிமைக் குழு 2004 இல சொன்னது. 2006 இல உச்ச நீதிமன்றம் அதை எடுக்கேல்லை. ஒரு கடுதாசி, ஒரு பெருவிரல்.

அது பயங்கரவாதத் தடைச் சட்டம். அதில உதவிப் பொலிஸ் அத்தியட்சகருக்குச் சொன்ன ஒப்புதலே சாட்சியாம். என்ர விசயத்தில சாட்சியக் கட்டளைச் சட்டம் 25 ஆம் பிரிவு, பொலிஸுக்குச் சொன்ன ஒப்புதல் செல்லாது. அப்ப ஏன் பயப்பிடோணும் எண்டு கேட்டன். "செல்லாது எண்டு நீதிமன்றம் சொல்லுமட்டும் உள்ளுக்க இருக்கப்போறது நீங்கள்தானே."

காசு கேக்கேல்லை. பிறகு பாப்பமாம்.

நவம்பர் 17, வெள்ளி

போன் அடிச்சுச் சொன்னன். எழுத்தில தாங்கோ சேர், கட்டாயம் வாறன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "நீர் என்ன சட்டம் படிச்சனீரோ?" இல்லை சேர். "அப்ப ஆர் சொல்லித் தந்தது?" பதில் சொல்லேல்லை. வைச்சிட்டார்.

சேட் முதுகில ஒட்டிப்போச்சு. சந்தோசமாயும் இருந்தது. சொல்லிப்போட்டன்! பின்னேரமானால் பயம். கோவம் வந்திருக்குமோ. பேசாமல் போயிருந்தால் பத்து நிமிசத்தில முடிஞ்சிருக்குமோ. அக்கா ஓம் எண்டுறா. பிறகு இல்லை எண்டுறா.

நவம்பர் 18, சனி

சூரன்போர். சனம். வாசலில வாகனம் மறிக்கிற பொலிஸ்காரர் ஒராள் சும்மா என்னைப் பார்த்தார். கால் சோர்ந்து போச்சு. சூரன் விழமுதலே வீட்டை வந்திட்டன்.

நவம்பர் 19, ஞாயிறு

விடியக்காலமை பாறணை. அம்மா விரதம் முடிச்சுச் சோறு சாப்பிட்டா. அவ சாப்பிடுறதைப் பார்க்க எனக்கும் பசி வந்தது. நல்லாச் சாப்பிட்டன்.

இரவு செய்தி. சித்தங்கேணிப் பெடியன் ஒருவன் யாழ் ஆஸ்பத்திரியில செத்துப்போனான். களவுச் சந்தேகத்தில 8 ஆம் திகதி வட்டுக்கோட்டைப் பொலிஸ் பிடிச்சது. விளக்கமறியல். பிறகு ஆஸ்பத்திரி. பிறகு பிரேதம்.

கிட்டத்தட்ட என்ர வயசு.

அம்மா ரிவியை நிப்பாட்டிப்போட்டு நிண்டா.

நவம்பர் 20, திங்கள்

அவன் சாகமுதல் கதைச்ச வீடியோ எல்லாற்ற போனிலயும் வந்திட்டுது. கட்டித் தூக்கி அடிச்சதை அவனே சொல்லுறான். சத்தமில்லாமல், மெல்லமா, நடந்ததை நடந்தபடி. கடையில பார்த்தன். முழுக்கப் பார்க்கேலாமல் நிப்பாட்டினன். பிறகு அவன் சொன்னதைக் கேக்காமல் விடுறது சரியில்லை எண்டு பட்டுது. திருப்பிப் போட்டு முழுக்கக் கேட்டன்.

உறுப்புரை 11 அவனுக்கும் இருந்தது. 24 மணித்தியாலமும் இருந்தது.

மத்தியானம் எனக்குக் கடுதாசி வந்தது. வியாழன் 23, காலை 9 மணி. கொண்டுவந்தவர் சைக்கிளால இறங்காமலே நீட்டினார். பொலிஸின்ர சீல் ஈரத்தில கொஞ்சம் ஊறியிருக்கு.

நவம்பர் 21, செவ்வாய்

கனடாவிலயிருந்து பெரியமாமா. "கேட்டதுக்கு ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டு வா. நியாயம் கதைக்கிற இடமில்லை அது." அவர் 88 இல போனவர். எனக்கு மறுமொழி சொல்லத் தெரியேல்லை. அவர் பயத்தில சொல்லுறார். ஆனால் ஓம் எண்டு சொல்லி எதுக்குக் கீழ கையெழுத்து வைக்கிறது?

தேத்தண்ணிக் கடையில எல்லாரும் சித்தங்கேணிக் கதைதான். ஒரு ஐயா 2011 ஐச் சொன்னார். சுன்னாகம் பொலிஸ் பிடிச்ச புன்னாலைக்கட்டுவன் பெடியன், பிரேதம் இரணைமடுக் குளத்தில. 2017 இல யாழ் மேல் நீதிமன்றம் பொலிஸ்காரருக்குச் சித்திரவதைக் குற்றத்துக்குப் பத்து வருசம் குடுத்தது. "பாத்தியோ, தண்டனை கிடைச்சதுதானே" எண்டார் ஒருத்தர். ஐயா திரும்பியும் பார்க்கேல்லை. "பெடியன் வந்தவனோ?"

தலையிடி. மழை விடுகுதில்லை.

நவம்பர் 22, புதன்

புத்தகத்தில அந்தப் பக்கத்தைப் போட்டோக் கொப்பி அடிச்சன். மூலம் வீட்டில, கொப்பி கையில. சட்டத்தரணி வாறா. சட்டத்தரணி பொலிஸுக்கு வந்து கட்சிக்காரருக்காகக் கதைக்கலாமெண்டு 2012 மே மாத வர்த்தமானியில விதி இருக்காம், அதையும் கொப்பி எடுத்து வைச்சிருக்கிறாவாம்.

பின்னேரம் ஆறு மணிக்குள்ள வராட்டில் ஆருக்கு அடிக்கிறதெண்டு அக்காக்கு எழுதிக் குடுத்தன். மனித உரிமைகள் ஆணைக்குழு, 1996. அம்மா அந்த நாலு இலக்கத்தையும் பார்த்துப்போட்டுக் கடுதாசியைத் திருப்பி வைச்சிட்டா.

உரிமை மீறினால் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மாதத்துக்குள்ள போகோணும், உறுப்புரை 126. அந்த மாதத்துக்குள்ள ஆணைக்குழுவில முறைப்பாடு போட்டால் அவை விசாரிக்கிற காலம் கணக்கில வராது. இதையும் எழுதிக் குடுத்தன். அக்கா வாசிச்சு அழுதிட்டா. ஏன் இதெல்லாம் எழுதுறாய் எண்டு.

கண்ணாடிக்கு முன்னால: வாசிச்சுக் காட்டுங்கோ சேர். வாசிச்சுக் காட்டுங்கோ சேர்.

நவம்பர் 23, வியாழன்

வீட்டை வந்திட்டன். முதல்ல அது.

ஒன்பதுக்கு முன்னமே போய் வாங்கில இருந்தன். ஆரும் கூப்பிடேல்லை. சலம் முட்டுது, கேக்கப் பயம். கேக்கிறதுக்குக்கூடப் பயம்! எழும்பிக் கேட்டன். கையைக் காட்டினார். அவ்வளவுதான்.

சட்டத்தரணியை வாசலில மறிச்சவை. வர்த்தமானியை நீட்டினா. ஒருத்தர் உள்ளுக்க கொண்டுபோய்க் காட்டி வந்து விட்டார். அவ வந்து பக்கத்தில கதிரையை இழுத்து இருந்தாப் பிறகுதான் எனக்கு மூச்சு முழுசா வந்தது.

ஒரு சார்ஜன்ட் சிங்களத்தில எழுதத் துவங்கினார். ஒருத்தர் நிண்டு மொழிபெயர்த்தார். நான்தான் சொன்னன், அவ இல்லை: "சேர், தமிழில எழுதுங்கோ." தமிழ் எழுதுறவர் லீவாம். "அவர் வருமட்டும் இருக்கிறன் சேர்." குரல் நடுங்கினதுதான். ஆனால் வெளியில வந்தது. சார்ஜன்ட் பேனையை மேசையில போட்டார். அடிக்கப்போறாரெண்டு கழுத்து இறுகிப் போச்சு. அவர் எழும்பிப் போனார். அவ்வளவுதான்.

ஒரு மணிக்குப் பிறகு தமிழ்ப் பொலிஸ்காரர் வந்தார். மட்டக்களப்புக் கதை. தம்பி எண்டு கதைச்சார். எங்க வாங்கினது, எவ்வளவு, ஆரிட்ட. கொப்பியைக் குடுத்தன். "களவுப் போனெண்டு தெரிஞ்சுதானே வாங்கினீர்?" தெரியாது. அடையாள அட்டை பார்த்து எழுதித்தான் வாங்கினன். "உம்மட போனின்ர பாஸ்வேர்ட் என்ன?" அதுக்கு நான் பதில் சொல்ல விரும்பேல்லை. சொல்லிப்போட்டுச் சட்டத்தரணியைப் பார்த்தன். அவ தன்ர கொப்பியில ஏதோ எழுதிக்கொண்டிருந்தா.

முடிஞ்சது, வையும் எண்டார். வாசிச்சுக் காட்டுங்கோ சேர்.

வாசிச்சார். கெதியா. நடுவில ஒரு வசனம்: விலை குறைவு எண்டபடியால் சந்தேகம் இருந்தும் வாங்கினேன். நான் அப்பிடிச் சொல்லேல்லை. எங்கயும் சொல்லேல்லை. "சேர், அது நான் சொல்லேல்லை." அவர் நிமிர்ந்து பார்த்தார். சட்டத்தரணியைப் பார்த்தார். வெட்டினார். பக்கத்தில என்னைச் சுருக்கொப்பம் வைக்கச் சொன்னார். திரும்ப ஒருக்கா மெல்ல வாசிச்சார். அதுக்குப் பிறகு கையெழுத்து வைச்சன்.

ஒரு வசனம். சிங்களத்தில இருந்திருந்தால் அதுக்கும் கீழதான் என்ர கையெழுத்து.

அந்தக் கறுப்புப் போனை அவை எடுத்ததுக்குத் துண்டு வாங்கினா சட்டத்தரணி. நான் அதை யோசிக்கேல்லை.

படலையில அம்மா. கையைப் பிடிச்சுத் தடவித் தடவிப் பார்த்தா, முழங்கை, தோள், முதுகு. ஒண்டுமில்லையம்மா எண்டன். விடேல்லை.

நவம்பர் 24, வெள்ளி

காய்ச்சல். உடம்பு முழுக்க உளைவு, ஆரும் தொடாமலே. கடை பூட்டு.

நேற்று ஏதோ வென்ற மாதிரி இருந்தது. இண்டைக்கு இல்லை. என்னோட அக்கா இருந்தா, அக்காவின்ர சிநேகிதி இருந்தா, ஒரு வர்த்தமானிக் கொப்பி இருந்தது. சித்தங்கேணிப் பெடியனுக்குப் பக்கத்தில ஆர் கதிரை இழுத்து இருந்தது? சட்டம் ரெண்டு பேருக்கும் ஒண்டுதான்.

நவம்பர் 26, ஞாயிறு

விளக்கீடு. மழை விட்டுவிட்டுப் பெய்யுது, அம்மா அணைய அணையக் கொளுத்துறா. காய்ச்சல் இல்லை.

நவம்பர் 29, புதன்

வட்டுக்கோட்டை விசயத்தில பொலிஸ்காரர் கைதாகியிருக்கினம். கடைக்கு வந்த எல்லாரும் அதையே கதைக்கினம். எனக்குச் சந்தோசம் வரேல்லை. கோவம்தான் வருது, வீடியோவைக் கேட்ட அண்டைக்கு வராத கோவம். சாகாமல் இருந்திருந்தால் அவன் சொன்னதை ஆர் கேட்டிருப்பினம்?

டிஸ்பிளே மாத்தச் சாம்சுங் தந்த பிள்ளை வந்து, பிந்திப்போச்செண்டு ஏசிப்போட்டுப் போனா. நியாயம்தான். இண்டைக்கு மாத்திக் குடுத்தன், காசு குறைச்சு எடுத்தன்.

டிசம்பர் 4, திங்கள்

எங்கட ஒழுங்கையில ஒரு பெடியனுக்குப் போன் வந்திருக்கு. தண்ணி மோட்டர் களவு. பதினெட்டு வயசு. தாய் கூட்டிக்கொண்டு வந்தா, கண்ணெல்லாம் வீங்கி. நாளைக்குக் காலமை வரச் சொன்னவையாம். கடுதாசி தந்தவையோ? இல்லை.

அவனைக் கதிரையில இருத்தி, போனை அவனிட்டயே குடுத்து, அவனைக்கொண்டே சொல்லுவிச்சன். முதல் ஒருக்கா குரல் வரேல்லை. தண்ணி குடுத்தன். ரெண்டாந்தரம் சொன்னான். மற்றப் பக்கம் ஏசினது எனக்கும் கேட்டது. அவன் வைக்கேல்லை, நிண்டு திரும்பவும் சொன்னான். எழுத்தில தாங்கோ சேர், வாறன்.

கடுதாசி வந்தால் நான் கூடப் போறன். சட்டத்தரணிக்கும் சொல்லிப்போட்டன், சட்ட உதவி ஆணைக்குழுவிலயும் ஒருக்கா கேக்கச் சொன்னா, பெடியன் வீட்டில காசு இல்லாதபடியால். தாயின்ர அடையாள அட்டைக் கொப்பியும் வேணும். அதை அவவுக்குச் சொல்ல விட்டுப்போச்சு, காலமை போய்ச் சொல்லோணும்.