மணவிலக்குக்குப் பின்னும் மாளாத ஆதிக்கம்

"பெற்ற தகப்பன் பிள்ளையைப் பார்க்க வருகிறார், இதிலென்ன குற்றம்?" என்று கேட்கின்றனர் பெரியவர்கள். பிள்ளையைப் பார்க்க வருபவர், பள்ளி வாயிலில் நின்று பிள்ளையின் தாயை வசைபாடுவானேன்? நள்ளிரவில் ஓயாது அலைபேசியில் அழைப்பானேன்? அவர் பணிபுரியும் அச்சகத்துக்கே சென்று, "என்னை விட்டு எங்கே போய்விடுவாய்?" என்று மிரட்டுவானேன்? இதற்கு விடைகூற எவரும் முன்வரக் காணோம்!

நாம் பாடஞ்சொல்லும் வகுப்பில் பயிலும் ஒரு சிறுமியின் அன்னைக்கு நேர்ந்த கொடுமை இது. நீதிமன்றத்தில் மணவிலக்குப் பெற்று ஈராண்டுகள் ஆயின. கணவன் என்ற பட்டம் போயிற்று. எஜமானன் என்ற எண்ணம் மட்டும் போகவில்லை! மாலை மணி அடித்ததும் மற்றப் பிள்ளைகள் துள்ளி ஓடுவர். அச்சிறுமியோ கதவோரம் நின்று வாயிலை எட்டிப் பார்ப்பாள். அக்கண்களில் ஆவல் இல்லை, அச்சம் இருந்தது.

வேதனை என்னவெனில், அம்மனிதர் வைதிகர் அல்லர். நம் கூட்டங்களில் முன்வரிசையில் அமர்பவர். மாலை மாற்றி வாழ்க்கை ஒப்பந்தம் செய்துகொண்டவர். கணவனைக் கூடையில் சுமந்த நளாயினியின் கதையை மேடையில் எள்ளி நகையாடியவர், வீட்டிலே ஒரு நளாயினியைத் தேடினார்! உறவினரும், "குழந்தைக்காகப் பொறுத்துக்கொள்" என்றனர். பழைய பதிவிரதா தர்மம், 'குழந்தைக்காக' என்ற புதுவேடம் புனைந்து வந்தது!

1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை கேட்டது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் அவ்வுரிமைக்கு வழி செய்தது. விலகும் உரிமை கிடைத்தது. விலகியபின் அச்சமின்றி வாழும் உரிமை?

அதற்கும் சட்டம் உண்டு, தோழர்களே! 2005-இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், ஒரே வீட்டில் வாழ்பவரோடு, முன்னர் வாழ்ந்தவரையும் கணக்கில் கொள்கிறது. மனுச் செய்யும் நாளில் அவ்வுறவு நீடிக்க வேண்டுவதில்லை என்று உச்சநீதிமன்றம் 2022-இல் தெளிவுபடுத்தியது. அவள் பணியிடத்தில் நுழையாதே, கடிதத்திலோ தொலைபேசியிலோ தொடர்பு கொள்ளாதே என்று நடுவர் ஆணையிடலாம். மனுக் கிடைத்த 3 நாட்களுக்குள் முதல் விசாரணை வைப்பதே முறை. ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பின்தொடர்ந்து தொல்லை தருவது, 2024 ஜூலை முதல் நடப்பிலிருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவின்படி தனிக் குற்றமுமாகும்.

நாம் செய்த உதவி பெரிதன்று. ஒரு நோட்டுப் புத்தகம் கொடுத்து, நாள், நேரம், இடம், கூறிய சொல், உடனிருந்தோர் அனைத்தையும் எழுதச் சொன்னோம். அலைபேசிச் செய்திகளை அழிக்காது வைக்கச் சொன்னோம். மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரைக் காண உடன் சென்றோம். வழக்கறிஞருக்குப் பணமேது என்று அந்த அம்மையார் கலங்கினார். பெண்ணுக்கு வருமானம் எவ்வளவாயினும் இலவச சட்ட உதவி உண்டு என்பது 1987-ஆம் ஆண்டின் சட்டம், அதனை எடுத்துரைத்தோம். வாயிலில் கண்டதைக் கண்டவாறே நடுவர் முன் கூறினோம்.

ஆணை பிறந்தது. தந்தையின் உரிமையை அது பறிக்கவில்லை. மாதம் இருமுறை, குறித்த இடத்தில், குறித்த நேரத்தில் மகளைக் காணலாம், தாயை நெருங்கலாகாது. பிள்ளையைக் காணும் உரிமை வேறு, பெண்ணைத் துரத்தும் ஆணவம் வேறு என்று சட்டம் பிரித்துக் காட்டிற்று. பகுத்தறிவு பேசும் நமக்கு அது புரியாமற் போகலாமா?

திருமணம் ஒப்பந்தம் என்று முழங்குகிறோம். ஒப்பந்தமெனில் அதற்கு முடிவும் உண்டு. முடிந்தபின்னும் உரிமை கொண்டாடுபவர் எந்தக் கொடியை ஏந்தினாலும், மனத்திலே மனுதர்மத்தையே ஏந்துகிறார்! அத்தகையவர் நம் முன்வரிசையில் அமர்ந்திருந்தால், முதலில் எழுந்து கேட்க வேண்டியவர் நாமே!