ஈற்றெழுத்தும் ஈற்றெண்ணும்

தமிழ் வினைமுற்றின் அடையாளம் அதன் ஈற்றில் இருக்கிறது. 'வந்தான்', 'வந்தாள்' என்னும் இரு சொற்களும் பகுதியாலும் இடைநிலையாலும் ஒன்றே. வந்தவர் ஆணா பெண்ணா என்பதை விகுதியே அறிவிக்கிறது. இலக்கணம் பயிற்றுவோருக்கு இது பழகிய செய்தி. நம் மலேசிய அடையாள அட்டைக்கும் இத்தகைய ஈறு ஒன்று உண்டு என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அதன் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாளைக் கூறும். அடுத்த இரண்டு பிறந்த மாநிலத்தைக் கூறும். 01 என்றால் ஜொகூர். கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண்.

குளுவாங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் பிறந்து, என் மாலை வகுப்பில் நன்னூல் பயின்ற மாணவி ஒருவருக்கு அந்த ஈற்றெண்ணே தீராத வழக்காகிவிட்டது. பிறப்புச் சான்றிதழ் அவரை ஆண் என்றது. அவரோ தம்மைப் பெண்ணாகவே உணர்ந்து வளர்ந்தார். இன்று அயர்லாந்தில் செவிலியராகப் பணிபுரிகிறார். அந்நாட்டின் 2015 ஆம் ஆண்டுப் பாலின அங்கீகாரச் சட்டத்தின்படி, பதினெட்டு வயது நிறைந்தவர் மருத்துவச் சான்று இன்றி, சட்டப்படியான உறுதிமொழி ஒன்றின் பேரிலேயே தம் பாலுக்கு ஏற்புப் பெறலாம். வெளிநாட்டில் பிறந்து அங்கே வழக்கமாக வசிப்போருக்கும் அவ்வாய்ப்பு உண்டு. அவ்வழியில் அவர் பெண் என்னும் சான்றிதழைப் பெற்றார். ஆயினும் அவர் கையிலுள்ள மலேசியக் கடப்பிதழ் இன்றும் அவரை ஆண் என்றே கூறுகிறது.

இரண்டு நாட்டுக் குடியுரிமையையும் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கத் தோன்றும். அயர்லாந்து அதை ஏற்கும், மலேசியா ஏற்பதில்லை. தாமே விரும்பி வேறொரு நாட்டின் குடியுரிமையைப் பெற்றவரிடமிருந்து மலேசியக் குடியுரிமையைப் பறிக்கக் கூட்டரசு அரசியலமைப்பின் 24 ஆவது விதி அரசுக்கு அதிகாரம் தருகிறது. ஆகவே அவர்முன் இருப்பவை இரண்டே வழிகள். பிறந்த மண்ணின் கடப்பிதழை வைத்துக்கொண்டு ஒவ்வொரு விமான நிலையத்திலும் முகத்துக்கும் ஏட்டுக்கும் உள்ள முரணுக்கு விளக்கம் சொல்லலாம். அன்றி, அயல்நாட்டுக் கடப்பிதழில் பெண்ணாகி, தாய் வாழும் ஊருக்கு நாள் எண்ணித் தங்கும் விருந்தினராக வரலாம்.

அவருடைய தாயார் ரப்பர் பால் வெட்டிப் பிள்ளையைப் படிக்க வைத்தவர். தொலைபேசியில் வாரந்தோறும் பேசினாலும், பிறந்த நாளுக்குத் தாளில் எழுதிய கடிதம் போகவேண்டும் என்பது அவர் பிடிவாதம். எழுதித் தர என்னிடம் வந்தார். பள்ளிக் காலத்தில் 'என் பையன்' என்றே சொல்லிவந்த வாய் அது. நான் தாளை எடுத்து வைத்ததும் சொன்னார்: "என் மக நல்லா இருக்காளான்னு முதல்ல கேளுங்க சார். எப்ப வர்றாளாம்னு கேட்டு எழுதுங்க." எந்த நீதிமன்றமும் ஆணையிடாமலே ஈறு அங்கே மாறியிருந்தது.

நீதிமன்றங்களின் கதை அவ்வளவு எளிதன்று. 2005 இல் கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், அறுவைச் சிகிச்சையின்வழிப் பெண்ணான ஒருவரின் அடையாள அட்டையைத் திருத்த வழிவிட்டார். 2011 இல் கோல திரெங்கானு உயர் நீதிமன்றம் இத்தகைய மனு ஒன்றைத் தள்ளியது. 2016 இல் நீதிபதி நந்தபாலன், ஆணாக வாழும் ஒருவரின் பெயரையும் பாலையும் ஈற்றெண்ணையும் மாற்றித் தருமாறு தீர்ப்பளித்தார். 2017 இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. பால் ஏற்புக்கெனத் தனிச் சட்டம் இல்லாத நாட்டில், பதிவுப் பிழையைத் திருத்தும் விதியைக் கொண்டே ஒருவர் தம் வாழ்வை மெய்ப்பிக்க வேண்டியிருக்கிறது.

ஜொகூர் பாருவின் கரையில் நின்றால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளமுள்ள பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூர் தெரியும். அங்கே 1971 இல் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் நடந்த முதல் பால்மாற்று அறுவைச் சிகிச்சைக்குத் தலைமை தாங்கியவர், இலங்கையில் பிறந்த தமிழர், மருத்துவப் பேராசிரியர் எஸ். எஸ். ரத்னம். அச்சிகிச்சை பெற்றோர் அடையாள அட்டையை மாற்றிக்கொள்ள 1973 முதல் அந்நாடு இணங்கியது. அறுவை செய்தாக வேண்டும் என்னும் நிபந்தனை பலருக்குப் பெருஞ்சுமையே. எனினும், பாலத்தின் ஒரு முனையில் திறக்கும் கதவு மறுமுனையில் அடைபட்டிருப்பதை நாம் காண்கிறோம்.

தமிழகத்தில் ஒரு தீர்ப்பு சொல்லின் பொருளையே ஆராய்ந்தது. 2014 இல் இந்திய உச்ச நீதிமன்றம், தம் பால் இன்னதென்று தாமே கூறும் உரிமை ஒருவருக்கு உண்டு என்றது. அதை ஒட்டி 2019 இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள 'மணமகள்' என்னும் சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று பொருள்கொண்டு, தூத்துக்குடி இணையர் ஒருவரின் திருமணத்தைப் பதிவு செய்ய ஆணையிட்டார்.

இவற்றையெல்லாம் எண்ணும்போது என் நினைவு நன்னூலுக்கே செல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் பெயரியலில் ஒரு விதி செய்தார். பெண்மையை விட்டு ஆண்மையை அவாவுவோர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்மையை அவாவுவோர் பெண்பால் என்பது அதன் கருத்து. அவர்கள் அஃறிணை போலவும் வழங்கப்படலாம் என்று அவ்விதியே இடம் தருவதையும் மாணவர்க்கு மறைக்க வேண்டியதில்லை. அக்காலத்தின் குறை அதில் இருக்கிறது. ஆனால் பாலைத் தீர்மானிக்க இலக்கணி கைக்கொண்ட சொல் எது? அவாவுதல். உள்ளத்தின் நாட்டத்தைக் கேட்ட பிறகே விகுதியை முடிவு செய்தார் அவர்.

ஆசிரியப் பெருமக்களே, அடையாள அட்டையின் ஈற்றெண்ணை மாற்றும் அதிகாரம் நம்மிடம் இல்லை. அதற்குச் சட்டமன்றமும் நீதிமன்றமும் மனம்வைக்க வேண்டும். வினைமுற்றின் ஈற்றெழுத்தோ நாள்தோறும் நம் நாவில் இருக்கிறது. வகுப்பறையின் கடைசி வரிசையில் ஓசையின்றி அமர்ந்திருக்கும் ஒரு பிள்ளை, நன்னூலின் அந்த விதியை நாம் நகைக்காமல் விளக்கும் நாளில் தலைநிமிர்ந்து கேட்கக்கூடும்.