ஹிஸ்டரி படிச்சு என்ன பண்ணப் போற?

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் ஒரு கணக்கு ஓடும். இன்ஜினீயரிங் கட் ஆஃப் எவ்வளவு, பி.காம். எந்தக் கல்லூரியில் கிடைக்கும், நர்சிங்குக்கு ஃபீஸ் என்ன... அந்தப் பட்டியலின் கடைசி வரியில்தான் பி.ஏ. வரலாறு இருக்கும். அதுவும் 'வேற எதுவும் கிடைக்கலைன்னா' என்ற முன்குறிப்போடு!

வேலூரில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் அதை முதல் வரியில் எழுதினாள். அரசு கலைக் கல்லூரிக்கான ஆன்லைன் விண்ணப்பத்தில் அவளுடைய முதல் விருப்பம் வரலாறு. பி.காம். கிடைக்கும் அளவுக்கு மார்க் இருந்தது. அதனால்தான் வீட்டில் வருத்தம் இன்னும் அதிகம்.

"செத்துப்போன ராஜாங்களப் பத்திப் படிச்சி இன்னாம்மா பண்ணப் போற?" என்று கேட்டார் அப்பா.

அவர் கோபத்தில் கேட்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே பதில் தெரிய வேண்டியிருந்தது. அந்தக் குடும்பத்தில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள் அவள். மூன்று வருடம் ஒரு பிள்ளை சம்பாதிக்காமல் படிப்பது என்பது, தினசரி வாடகை கட்டி ஆட்டோ ஓட்டுபவருக்குச் சின்ன விஷயம் இல்லை.

"புடிச்சிருக்குப்பா..." என்பதைத் தவிர அவளிடமும் அன்று வேறு பதில் இல்லை.

கைடு போதும் என்ற முதல் வருடம்

முதல் வருடம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. வகுப்பில் பாதிப் பேர் வேறு பாடம் கிடைக்காமல் வந்தவர்கள். மீதியில் பெரும்பாலானோர் டி.என்.பி.எஸ்.சி.க்கு உதவும் என்று சேர்ந்தவர்கள். பரீட்சைக்கு ஒரு வாரம் முன்பு கைடு வாங்கினால் போதும், பாஸ் மார்க் வந்துவிடும். 'வேலூர் கலகத்துக்கான காரணங்கள் யாவை?' என்று கேட்டால் புதிய தலைப்பாகை, தாடிக்குத் தடை, நெற்றிக் குறிக்குத் தடை, திப்பு சுல்தானின் மகன்கள் என்று வரிசையாக எழுத வேண்டியதுதான்.

அவளும் அப்படித்தான் எழுதினாள். மார்க்கும் வந்தது. ஆனால், தினமும் பஸ்ஸில் அவள் கடந்துபோகும் கோட்டை அது. அங்கே நடந்த ஒரு பெரிய சம்பவம், நாலு வரியில் மனப்பாடம் செய்துவிட்டு மறக்கும் சமாசாரமாகிவிட்டது. 'இதுக்குத்தான் அப்பாகிட்ட அவ்வளவு மல்லுக்கட்டினோமா?' என்று அவளுக்கே தோன்றியது.

மூன்று கேள்விகள்

இரண்டாம் வருடம் ஓர் ஆசிரியை வந்தார். எந்தத் தகவலைச் சொன்னாலும் அவர் மூன்று கேள்விகள் கேட்பார். இதைச் சொன்னது யார்? எப்போது சொன்னார்? அப்படிச் சொல்வதில் அவருக்கு என்ன ஆதாயம்?

வேலூரையே எடுத்துக்கொள்ளச் சொன்னார். 1806 ஜூலை 10 அதிகாலையில் கோட்டையில் இருந்த இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயப் படையினரைத் தாக்கினார்கள். கோட்டைத் தளபதி ஃபேன்கோர்ட் கொல்லப்பட்டார். ஆற்காட்டிலிருந்து கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து, அன்று காலையிலேயே கோட்டையை மீட்டார். நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். 1857 பெருங்கிளர்ச்சிக்கு அரை நூற்றாண்டு முன்பே நடந்தது இது.

சரி, இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? தளபதியின் மனைவி அமீலியா ஃபேன்கோர்ட் பிள்ளைகளோடு ஒளிந்திருந்து உயிர் தப்பியவர். தான் கண்டதை எழுதி வைத்தார். கம்பெனி அதிகாரிகளின் கடிதங்கள் இருக்கின்றன. விசாரணையில் பதிவான வாக்குமூலங்கள் இருக்கின்றன. ஆனால், ஒரு சிப்பாய் தன் வீட்டுக்கு எழுதிய கடிதம் பாடத்தில் எங்கேயும் இல்லை. சிப்பாய்களின் குரல் நமக்குக் கேட்பது விசாரணை அதிகாரிகளின் முன்னால்தான். கழுத்துக்கு மேலே கத்தி தொங்கும்போது ஒருவன் சொன்னதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது?

காரணங்களும் அப்படித்தான். தலைப்பாகை உத்தரவால் வந்த வினை என்றால், உத்தரவு போட்டவர்கள் பதில் சொல்ல வேண்டும். கோட்டைக்குள் காவலில் இருந்த திப்புவின் மகன்கள் செய்த சதி என்றால், பழி அந்தப் பக்கம் போய்விடும். கடைசியில் திப்புவின் குடும்பத்தைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். சென்னை கவர்னர் வில்லியம் பென்டிங்க்கையும், படைத் தலைவர் ஜான் கிரடாக்கையும் லண்டன் திருப்பி அழைத்துக்கொண்டது.

கலகம், புரட்சி, எழுச்சி... இதில் எந்தச் சொல்லைப் போடுகிறோம் என்பதிலேயே நாம் யார் பக்கம் நிற்கிறோம் என்பது தெரிந்துவிடுகிறது. கைடில் நாலு வரியாக இருந்தது, உண்மையில் இன்னமும் முடியாத ஒரு வழக்கு என்பது அன்றைக்குத்தான் அவளுக்குப் புரிந்தது.

ஆயாவும் காமராஜரும்

அடுத்து, சொந்த ஊர் வரலாறு எழுதும் பயிற்சி. அவள் குடியாத்தத்தில் இருக்கும் ஆயாவிடம் போனாள். ஆயா பல வருடம் பீடி சுற்றியவர். "எங்கிட்ட இன்னாடி இருக்குது சொல்றதுக்கு?" என்றவர், போனில் ரெக்கார்ட் பட்டனை அழுத்தியதும் இரண்டு மணி நேரம் பேசினார்.

அதில் ஒன்று, காமராஜர் ஓட்டு கேட்க வந்த கதை. "அவரு வந்துட்டுப் போனாரு... மறுநாளே பள்ளிக்கூடத்துல சோறு போட்டாங்க!"

அவள் சரிபார்த்தாள். 1954-ல் முதலமைச்சரான காமராஜர், அந்த ஆண்டு குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்று ஜெயித்து சட்டமன்றத்துக்குப் போனது உண்மை. ஆனால், மதிய உணவுத் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவியது அதற்கு ஓரிரு வருடங்கள் கழித்துத்தான். 'மறுநாளே' என்பது சரியில்லை.

அப்படியென்றால் ஆயா பொய் சொன்னாரா? அந்த ஆசிரியை இப்படி விளக்கினார்: தேதி தவறு என்பதை எழுது; ஆனால் அதோடு நிறுத்தாதே. பசித்த ஒரு குழந்தையின் மனதில், வந்த மனிதரும் தட்டில் விழுந்த சோறும் ஒன்றாகச் சேர்ந்துவிட்டன. எந்த ஆவணத்திலும் இல்லாத உண்மை அது. தேதிக்கு ஆவணத்தைப் பார். அந்தச் சோறு எவ்வளவு பெரியது என்பதற்கு ஆயாவைக் கேள்.

பயிற்சி ஏட்டில் தன் பெயர் அச்சாகி இருப்பதைப் பார்த்த ஆயா, அதைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இன்றுவரை திருப்பித் தரவில்லை.

ஃபேமிலி குரூப்பில் ஒரு சுரங்கம்

இந்தப் படிப்பின் பலன் வீட்டில் முதலில் தெரிந்தது வாட்ஸ்அப் குரூப்பில்தான். 'ஆயிரம் வருடப் பழமையான வேலூர்க் கோட்டையின் ரகசியச் சுரங்கம்' என்று மாமா ஒரு செய்தியை ஃபார்வேர்டு செய்தார். கோட்டை விஜயநகரக் காலத்தில், 16-ம் நூற்றாண்டில் கட்டப்பட்டது என்று இவள் பதில் போட்டாள். "சுரங்கத்தைப் பார்த்தது யாரு மாமா?" என்றும் கேட்டாள்.

மாமாவுக்குக் கோபம்; ஒரு வாரம் குரூப்பில் மௌனம். பிறகு அவரே தனியாக ஒரு செய்தி அனுப்பினார், ஜாதிப் பெருமை பேசும் ஒரு வீடியோவோடு. "இது நெசமா பாப்பா? பார்த்துச் சொல்லு."

வரலாறு என்ற பெயரில் தினமும் நம் போனுக்கு வந்து விழுவதில் பாதி, யாரோ ஒருவர் மேல் நமக்கு வெறுப்பு வர வேண்டும் என்று செய்யப்படுபவை. 'இது நெசமா?' என்று ஒரு நிமிடம் நின்று கேட்கும் ஆள் வீட்டுக்கு ஒருவர் இருந்தால், எத்தனையோ சண்டைகள் ஆரம்பிக்காமலே போகும்.

சரி, வேலை?

அப்பாவின் கேள்வி நியாயமானது. அதற்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும்.

வரலாறு படித்ததும் கையில் வேலை வந்து விழாது. கூடவே இரண்டு வருட பி.எட்., டெட் தேர்வு என்று போனால் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம். எம்.ஏ. முடித்து நெட் எழுதினால் கல்லூரி ஆசிரியர் பணிக்கு முயலலாம். எந்தப் பட்டம் இருந்தாலும் மூன்று வருட சட்டப் படிப்பில் சேரலாம். யு.பி.எஸ்.சி. எழுதவும் எந்தப் பட்டமும் போதும். அதன் முதன்மைத் தேர்வில் வரலாற்றையே விருப்பப் பாடமாக எடுத்தால் தலா 250 மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள்கள். தொல்லியல், கல்வெட்டு, அருங்காட்சியகம், ஆவணக் காப்பகம் ஆகியவை நேரடியான துறைகள். ஆனால் பணியிடங்கள் குறைவு, மேற்படிப்பும் வேண்டும்.

தமிழ் வழியில் படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல், நல்ல ஆய்வு நூல்களில் பல ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. மூன்று வருடத்தில் ஆங்கிலம் வாசிக்கப் பழகியே ஆக வேண்டும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய தமிழ் நூல்களை இலவசமாகவே படிக்கலாம். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும், தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன.

ஆகவே, இந்தப் பாடத்தில் சேர்வதா வேண்டாமா என்பதைவிட, சேர்ந்த பிறகு என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம். கைடை மட்டும் படித்தால் மூன்று வருடம் நிச்சயம் வீண். நாலு பேர் நாலு விதமாகச் சொல்வதைப் படித்து, எடைபோட்டு, பத்து வரியில் தெளிவாக எழுதப் பழகியவருக்குக் கோர்ட்டிலும் பத்திரிகையிலும் அரசு அலுவலகத்திலும் வகுப்பறையிலும் தேவை இருக்கிறது.

அந்தப் பெண் இப்போது பி.எட். படிக்கிறாள். வேலை இன்னும் கிடைக்கவில்லை. வீட்டில் கவலையும் முழுசாகத் தீரவில்லை. ஆனால், வெளியூர்ப் பயணிகள் ஆட்டோவில் ஏறினால், மக்கான் சந்திப்பில் இருக்கும் வேலூர் சிப்பாய்களின் நினைவுத் தூணருகே அப்பா வேகத்தைக் குறைக்கிறார். "இது இன்னா தெரியுமா சார்?" என்று ஆரம்பித்து 1806-ஐச் சொல்லி முடிக்கிறார். முடிக்கும்போது மறக்காமல் ஒன்று சேர்த்துக்கொள்கிறார்:

"இதுல ரெண்டு கதை இருக்குது சார். எது சரின்னு இன்னும் பேசிக்கினுதான் இருக்காங்களாம்!"