மெட்டு இல்லாத வாத்தியம்

நாற்பத்தாறாம் வயதில் கோட்டுவாத்தியம் கற்கப் போகிறேன் என்றபோது என் துணைவியார் சிரிக்கவில்லை. "முதல்ல காதைக் காட்டிட்டு வாங்க" என்றார்.

காரணம் இருந்தது. கடைசி வரிசை மாணவர்கள் முணுமுணுக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று ஓராண்டாகக் குறைபட்டுக்கொண்டிருந்தேன். குறை அவர்களிடம் இல்லை என்பதைச் சோதனை காட்டிற்று. இடச்செவியில் மேல்சுருதி ஒலிகள் மங்கியிருந்தன. உட்செவியின் மயிரணுக்கள் அழிந்தால் மீண்டும் வளரா என்றார் மருத்துவர். அப்படியானால் இனித் தள்ளிப்போடக் காலமில்லை என்றே எனக்குப் பட்டது.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை ஆண்டுதோறும் நடத்துகிறேன். விபுலாநந்த அடிகளின் யாழ் நூலைத் (1947) துணைகொண்டு நரம்புகளைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவேன். "ஐயா, நீங்க எதாவது வாசிப்பீங்களா?" என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். பேச்சை மாற்றிவிட்டேன்.

வீணையை விட்டு இதைப் பிடித்தேன். 'கோடு' என்றால் கொம்பு, மரக்கிளை, அந்தப் பெயரே என்னை இழுத்தது (தமிழாசிரியர்களின் பலவீனம்!). வீணையில் 24 மெட்டுகள் உண்டு. விரல் வைக்கும் இடத்தை அவை காட்டும். இதில் ஒன்றுகூட இல்லை. இடக்கையில் கருங்காலி உருளையைப் பிடித்துத் தந்தியின்மேல் வழுக்கிச் செல்லவேண்டும். மயிரிழை தவறினால் அபசுரம். அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களின் பெடல் ஸ்டீல் கிதாரும் இதே இனந்தான். அங்கே உருளை எஃகு, கூடவே சுருதியை மாற்றக் கால்மிதிகளும் முழங்கால் நெம்புகோல்களும் உண்டு. தென்னாட்டில் கோட்டுவாத்தியத்தைப் பலரறியச் செய்தவர் திருவிடைமருதூர் சகாராம ராவ். வாய்ப்பாட்டில் புகழ்பெற்ற செம்மங்குடி சீனிவாச ஐயரும் அவரிடம் பயின்றவர். நாராயண ஐயங்கார் வழியில் வந்தவர்கள் இதனைச் சித்திரவீணை என்பர்.

ஞாயிறுதோறும் திருமங்கலத்திலிருந்து பேருந்தேறி, பெரியார் நிலையத்தில் இறங்கி, எஸ்.எஸ். காலனிக்குப் போகிறேன். ஆசிரியை எழுபதைக் கடந்தவர். மாயாமாளவகௌளையில் சரளிவரிசை. முதல் இரண்டு மாதங்கள் காந்தாரம் எனக்கு அகப்படவே இல்லை. தந்திக்குக் கீழே பலகையில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டேன். அம்மா அதைக் கண்டுவிட்டார்.

"சார், கண்ணால வாசிக்கிறீங்க."

பிள்ளைகளின் விடைத்தாளில் நான் கண்டுபிடிக்கும் 'பிட்டு' போல அது கிடந்தது. வேறு வழியின்றிக் காதின் கதையைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து பாயை இழுத்துக்கொண்டு என் வலப்பக்கம் வந்து அமர்ந்தார். புள்ளியை ஈரத்துணியால் துடைத்தார். "அடியில பன்னிரண்டு தந்தி எதுக்குக் கிடக்கு? அதைக் கேளுங்க" என்றார்.

இந்த வாத்தியத்தில் 21 தந்திகள். மீட்டுவதற்கு மேலே ஆறு, பக்கத்தில் தாளத்துக்கு மூன்று. மற்றவற்றை யாரும் தொடுவதில்லை; மேலே சரியான சுரம் விழுந்தால் தாமே அதிரும். நான்காம் மாதம் ஒரு ஞாயிறு, உருளையை மெல்ல நகர்த்திக்கொண்டிருந்தபோது ஓரிடத்தில் மரம் முழுவதும் சிலிர்த்தது. செவிக்கு முன் இடக்கை மணிக்கட்டில்தான் அதை உணர்ந்தேன்.

"அதான் காந்தாரம். நிஷாதத்துக்குப் போங்க" என்றார் அம்மா.

நிஷாதம் இன்னும் வரவில்லை.