கருவாடு மீனாகுமோ?

எமது கடைசி மகளுக்கு ஒன்பது மாதம் நிறைந்ததும், சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்குமான தடுப்பூசியைப் போடுவிக்கக் கிளினிக்குக்குச் சென்றிருந்தோம். தாதி சிறு குப்பியொன்றை எடுத்தார். அதன் அடியிலே வெளிறிய பொடி கட்டிபட்டுக் கிடந்தது. அதனுள்ளே நீரைச் செலுத்திக் கலக்கினார். உடன் வந்திருந்த எம் அன்னையார் பேத்தியை மார்போடு அணைத்துக்கொண்டு, "காய்ஞ்சு போன மருந்தெல்லோ தம்பி? கருவாடு மீனாகுமோ?" என்றார்.

மாணவருக்கு இரசாயனம் படிப்பிக்கும் நாம் அன்று சொன்ன விடை, "அவைக்குத் தெரியும் அம்மா" என்பதே. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. ஊசி போடப்பட்டது, அன்னையாரின் முகம் தெளியவில்லை. வீடு திரும்பும் வழியெல்லாம் எமக்கு வெட்கமாயிருந்தது. கேட்டது நல்ல கேள்வியன்றோ!

அம்மருந்திலுள்ளவை வலுக்குறைத்த வைரசுக்கள். அவற்றின் தொழில் புரதங்களின் வடிவத்திலே தங்கியுள்ளது. புரதம் மடிந்து சுருண்ட நூல் போன்றது. மடிப்புக் குலைந்தால் தொழிலும் போயிற்று. அவித்த முட்டை மீண்டும் பச்சை முட்டையாவதில்லை. சூழவுள்ள நீரே ஐதரசன் பிணைப்புக்களால் அம்மடிப்பைத் தாங்கி நிற்கின்றது. நீரை அகற்றினால் தாங்குவாரில்லை. ஆகவே உலர்த்துமுன் சுக்குரோசு, சோபிற்றோல் போன்றவற்றைச் சேர்த்துவிடுவர். பின்னர் உறையவைத்து, வெற்றிடத்திலே பனிக்கட்டியை நேரே ஆவியாக்குவர். நீர் விட்ட இடத்தைச் சீனி பிடித்துத் தானும் ஐதரசன் பிணைப்பு இடுகிறது. பளிங்காகாமல் கண்ணாடிபோல் இறுகிப் புரதத்தை அசையாது காக்கிறது.

எல்லாச் சீனியும் இதற்கு ஆகா. குளுக்கோசு புரதத்தோடு தானே கூடிப் பழுப்பாக்கிவிடும். பாணின் மேலோடு சிவப்பதும் இத்தாக்கத்தாலேயே. பிரெஞ்சு அறிஞர் மெயிலார்ட் இதனை 1912இல் விவரித்தார்.

இயற்கையிலோ கருவாடு மீனாவதும் உண்டு! ஆபிரிக்கப் பாறைக் குழிகளில் வாழும் ஒருவகைப் பூச்சியின் புழு, குழி வற்றும்போது தானும் வற்றிவிடுகிறது. மழை பெய்ததும் மீண்டும் நெளிகிறது. உலர்ந்த அப்புழுவின் நிறையில் ஏறத்தாழ 20 வீதம் திரேகலோசு என்னும் சீனி.

மூன்று வயதில் இரண்டாம் ஊசிக்குப் போகும்போது இவற்றையெல்லாம் அன்னையாருக்குச் சொன்னோம். அமைதியாகக் கேட்டுவிட்டு, "அப்பிடியெண்டால் ஏன் ஐஸ் பெட்டிக்குள்ளை வைச்சிருக்கினம்?" என்றார்.

இம்முறை விடை ஆயத்தமாயிருந்தது. அக்கண்ணாடி வெப்பத்திலே இளகும். இளகினால் புரதமும் அசையத் தொடங்கும். நீரிலே கரைத்தபின் அக்காவலும் இல்லை. 6 மணித்தியாலத்துக்குள் போடாத மருந்தை எறிந்துவிடவே வேண்டும்.

அன்னையார் பேத்தியின் சட்டைக் கையைத் தாமே மடித்துவிட்டார்.